ஊதாப்பூவின் இடது பக்கம்

அக்டோபர் 3, செவ்வாய்

இது சிந்துஜாவின் நோட்டு. முன்பக்கம் முழுக்க அவளுடைய எண்கள். அதைக் கெடுக்க வேண்டாம் என்று நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு நாட்குறிப்பு எழுதிப் பழக்கம் இல்லை. முப்பத்தொரு வருடம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள், செய்முறைப் பதிவேடுதான் தெரியும். நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு. அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

நோக்கம்: என் மகள் படுத்திருக்கிறாள். அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சிக்கு இது கடைசிப் பூக்காலம். ஐந்து வாரம் பூக்கும், அதற்குமேல் ஒன்றும் இருக்காது. அவளால் போக முடியவில்லை. நான் போய் அவள் வேலையைச் செய்யப் போகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போகலாம் என்றால் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அதனால் நான் இங்கே வந்துவிட்டேன். கொடைக்கானலைத் தாண்டி இரண்டு மணி நேர பஸ், மேல்மலை. ஆரோக்கியம் அக்கா வீட்டு மாடியில் அவள் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறை. கேட்பவர்களிடம் ஃபுட் பாய்சன் என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார்: தனியாக விடாதீர்கள், மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். மாத்திரை என் கைப்பையில் இருக்கிறது. கைப்பை என் தலையணைக்கு அடியில். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்ற முடியுமா என்று ஆரோக்கியம் அக்காவிடம் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

பன்னிரண்டு நாளில் அவள் தானாகப் பேசியது நேற்றுத்தான். சுவரைப் பார்த்துக்கொண்டே, "பூ வந்திருக்கும்" என்றாள். இரண்டு வார்த்தை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 4, புதன்

காலையில் ஆரோக்கியம் அக்கா ஒரு சாக்குப் பூண்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். விதைப்புக்குப் பல் பல்லாக உடைக்க வேண்டுமாம். சிந்துவின் கட்டிலுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போயிட்டு மெதுவா வாங்க டீச்சர். எங்க உக்காந்து உடைச்சாலும் பூண்டு பூண்டுதான்."

அந்த அம்மாள் இல்லையென்றால் நான் ஓர் அடி நகர முடியாது.

புல்வெளிக்கு நாற்பது நிமிட ஏற்றம். முழங்கால் இரண்டும் திட்டின. மேலே வனத்துறை வாட்சர் ஒச்சப்பன் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், தலையில் மஃப்ளர், கையில் அரிவாள்.

"பாப்பா எப்பிடி இருக்குங்க டீச்சரம்மா?"

"ஃபுட் பாய்சன். இன்னும் சோர்வா இருக்கா."

"சரிங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

பூவைப் பார்த்தேன். மூன்று வருடமாகப் போனில் கேட்டுக் கேட்டு என்னமோ பெரிதாக நினைத்து வைத்திருந்தேன். முழங்கால் உயரச் செடி. ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய ஊதாப் பூ, ஐந்து இதழ். நடுவில் மஞ்சளாக ஐந்து மகரந்தப் பைகள், நெல்மணியைவிடச் சற்று நீளம். இலத்தீன் பெயர் என் வாயில் நுழையவில்லை. ஊரில் என்ன சொல்வீர்கள் என்று ஒச்சப்பனைக் கேட்டேன். "மாடு திங்காதுங்க. அதனால பேரு வைக்கல" என்றார்.

புல்லுக்கு நடுவே கயிறு கட்டி மூன்று பிளாட் பிரித்திருக்கிறாள். எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. வந்தேன், பார்த்தேன், இறங்கினேன்.

அக்டோபர் 5, வியாழன்

சிந்துவின் குறிப்புகளை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பூவின் நடுவில் கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது சூல்தண்டு. அதன் நுனியில் மகரந்தம் பட்டால்தான் காய் பிடிக்கும். மற்ற பூவில் அது நேராக நிற்கும். இந்தப் பூவில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சில பூவில் இடப்பக்கம், சில பூவில் வலப்பக்கம். ஒரே செடியிலேயே இரண்டு வகையும் உண்டு. வண்டு வந்து இடப்பூவில் உட்கார்ந்தால் மகரந்தம் அதன் உடம்பில் ஒரு பக்கம் ஒட்டும். அந்தப் பக்கம் போய் இடிப்பது வலப்பூவின் சூல்தண்டில். இடத்திலிருந்து வலத்துக்கு, வலத்திலிருந்து இடத்துக்கு. அப்படி எதிர்ப்பக்கம் போகும் மகரந்தம்தான் நிறைய விதை தருகிறதா, அல்லது எது போனாலும் ஒன்றுதானா? இதுதான் அவள் கேள்வி.

அதற்கு நான்கு நிறத்தில் நூல். வெள்ளை கட்டிய பூவை யாரும் தொடக் கூடாது. சிவப்புக்கு அதன் சொந்த மகரந்தம். மஞ்சளுக்கு வேறு செடியிலிருந்து, ஒரே பக்கம் சாய்ந்த பூவின் மகரந்தம். நீலத்துக்கு வேறு செடியிலிருந்து எதிர்ப்பக்கப் பூவின் மகரந்தம். வண்டு வந்து கெடுத்துவிடாமல் எல்லாப் பூவுக்கும் பை போட்டு மூட வேண்டும்.

பை என்பது கல்யாண வீட்டில் பாக்குப் பொட்டலம் போட்டுக் கொடுக்கும் வலைப்பை. தங்கச் சரிகை ஓரம் வைத்தது. போன வருடம் திண்டுக்கல்லில் நானும் கூடப் போய் இருநூறு வாங்கினோம். கடைக்காரர், "யாருக்கும்மா விசேஷம்?" என்று கேட்டார். "பூவுக்குண்ணே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த ஆள் என்னைத்தான் பார்த்தார்.

அக்டோபர் 6, வெள்ளி

இந்தப் பூவில் மகரந்தம் தூவிக் கிடப்பதில்லை. பைக்குள் அடைத்துவைத்து, நுனியில் ஊசித் துளை மட்டும் விட்டிருக்கிறது. தேன் என்பது ஒரு சொட்டுகூடக் கிடையாது. கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்து, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கிறது. கொஞ்சம் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. அந்த அதிர்வில்தான் துளை வழியாகத் தூள் கொட்டுகிறது. மற்றப் பூச்சிகள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகின்றன.

கருவண்டு செய்வதை நாம் செய்ய இசைக்கவை வேண்டும். இதற்காகத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால், "அம்மா, உன் லேப்ல இருந்து ட்யூனிங் ஃபோர்க் ஒண்ணு எடுத்துக் குடு" என்று போனில் உயிரை வாங்கினாள். ஓய்வு பெறும் மாதம் அது. பழைய பெட்டியிலிருந்து 320 போட்டதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

இன்று ரப்பர் கட்டையில் தட்டி மகரந்தப் பையில் வைத்தேன். கீழே பிடித்திருந்த கறுப்புக் காகிதத்தில் மஞ்சளாகத் தூள் விழுந்தது. வேலை செய்கிறது. முப்பத்தொரு வருடம் இதைத் தட்டித் தட்டிப் பிள்ளைகளிடம் காது கொடுத்துக் கேட்கச் சொன்னேன். அதில் ஏதாவது விழும் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்தேன். "ஒண்ணாவது பிளாட், ஏழாம் நம்பர், இடது, நீலம்." அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை. கடைசி பெஞ்சுக்கு ஒளிவிலகல் நடத்தியவளுக்குச் சுவருக்கு நடத்துவது பெரிய விஷயமில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

மழை. போகவில்லை. மூன்று இட்லியில் ஒன்று சாப்பிட்டாள்.

அக்டோபர் 9, திங்கள்

பதினாறு பூ முடித்தேன். வரும் வழியில் கடையில் கேரட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் காலையில் வாங்கிய கேரட் அப்படியே இருக்கிறது. இப்போது நான்கு கிலோ கேரட். ஆரோக்கியம் அக்கா கேரட் பொரியலாகச் செய்து தள்ளுகிறார்.

அக்டோபர் 11, புதன்

மூன்றாவது பிளாட் சரிவின் அடியில், நீர் ஊறும் இடத்தில் இருக்கிறது. செடிக்கு முன்னால் கால் வைத்தால் கெண்டைக்கால்வரை சகதி. சிந்து அதில்தான் உட்கார்ந்து செய்திருக்கிறாள் என்று ஒச்சப்பன் சொன்னார். அவளுக்கு இருபத்தேழு வயது, எனக்கு அறுபத்திரண்டு. செடிகளுக்குப் பின்னால் சப்பையாக ஒரு பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டேன். பூக்கள் எல்லாம் சகதியைப் பார்த்து நிற்கின்றன, எனக்கு முதுகு. பரவாயில்லை, குனிந்தால் சூல்தண்டு எந்தப் பக்கம் என்று நன்றாகவே தெரிகிறது. ஒன்பது பூ முடித்தேன்.

இடுப்பு விட்டுப்போயிற்று. தைலம் தேய்த்தேன். அவளுக்கும் காலில் தேய்த்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 14, சனி

அறைக் கதவில் உடைந்த தாழ்ப்பாள் இருந்த இடத்தில் புதுக் கட்டை வைத்து அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் அடிக்கவில்லை. படுத்தால் அதுதான் கண்ணில் படுகிறது. ஆரோக்கியம் அக்காவிடம் கொஞ்சம் பெயிண்ட் கிடைக்குமா என்று கேட்டேன். நீலம்தான் இருக்கிறதாம், கதவு பச்சை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்து ரசத்துக்குப் புளி கரைத்தேன். புளி கரைத்து முடித்துவிட்டுத்தான் ஆரோக்கியம் அக்காவுக்குப் போன் போட்டேன். நடுவில் எத்தனை நிமிடம் போயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அழுகை வரும் என்று ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் வரவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

அவளுடைய புரொஃபசர் பேசினார். நவம்பர் பதினைந்துக்குள் அட்டவணை வந்துவிட வேண்டுமாம். இல்லையென்றால் கால நீட்டிப்பு கிடைக்காது, மூன்று வருடமும் போய்விடும். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க மேடம்" என்று கடைசியில் சொன்னார். வந்துவிடும் சார் என்றேன்.

அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

அந்த 'ம்'முக்காகப் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். வேறொன்றும் வரவில்லை. அவளுக்கு இந்த உலகத்தில் இப்போது இருக்கிற ஒரே விஷயம் அந்தப் பூ. அதை நான் ஒழுங்காகச் செய்து முடித்தால் அவள் எழுந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டு ஏறி இறங்குகிறேன். இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் அடித்துத் திருத்தியிருப்பேன்.

அக்டோபர் 20, வெள்ளி

முதல் வாரத்தில் செய்த பூக்கள் காய் பிடித்திருக்கின்றன. மிளகைவிடப் பெரிதாக, பச்சையாக. இதழ் சுருங்கி ஒட்டியிருக்கிறது. உச்சியில் சூல்தண்டு காய்ந்து வளைந்தபடியே நிற்கிறது. மஞ்சள், நீலம் இரண்டிலும் காய். சிவப்பில் பாதி. வெள்ளை நூல் கட்டிய பன்னிரண்டு பூவிலும் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை, காம்போடு சுருண்டுவிட்டன. யாராவது வந்து உலுக்கினால்தான் இதற்குக் காய். எதிர்பார்த்ததுதான், குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.

அவளிடம் படித்தேன். இரண்டு தோசை சாப்பிட்டாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

ஆரோக்கியம் அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "ஒங்களுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன் டீச்சர்" என்றார். எனக்கு எதற்கு என்றேன். "நீங்க உங்க மூஞ்சியக் கண்ணாடியில பாத்து எத்தன நாளாச்சு?" என்று கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். பார்த்தேன். ஒன்றும் புதிதாக இல்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மேலே போனால் ஒச்சப்பன் தன் அரிவாளுக்கும் டார்ச்சுக்கும் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார். என் பையைத் திறந்து கத்தரி, இடுக்கி, இசைக்கவை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டார்.

"யாரைக் கேட்டு வச்சீங்க? குங்குமம் பூவுல விழுந்தா மகரந்தமா இதுவான்னு எப்பிடித் தெரியும்?"

"சாமிக்குத் தெரியுங்க டீச்சரம்மா."

ஊற்றுத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு பொரி தின்றோம்.

அக்டோபர் 24, செவ்வாய்

இதை எழுதத்தான் வேண்டும்.

நான்கு நாளாக மழை இல்லை, சகதி இறுகிவிட்டது. மூன்றாவது பிளாட்டில் பதினொரு பூ முடித்தேன். இனிப் புதுப் பூ போட வேண்டியதில்லை, கணக்கு முடிந்தது. சாயங்காலம் சந்தோஷமாகவே உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் சும்மா பேச்சுக்கு, "இன்னைக்கி நல்லவேளை சகதி காஞ்சிருந்துச்சு. முன்னாடியே போய் உக்காந்துட்டேன். இல்லேன்னா அந்தப் பாறையில உக்காந்து குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போயிருது" என்றேன்.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "எந்தப் பாறை?"

"மூணாவது பிளாட்ல செடிக்குப் பின்னாடி இருக்கே, அது."

"அதுல உக்காந்தா இடது வலது பாத்த?"

"ஆமா."

திரும்பினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகம் எனக்கு நேராக வந்தது. "பூவோட மூஞ்சியப் பாத்துத்தானம்மா எழுதணும்! பின்னாடி இருந்து பாத்தா இடது வலதாத் தெரியும்ல? நீயெல்லாம் பிசிக்ஸ் டீச்சரா?"

கண்ணாடியில் இடவலமாற்றம் முப்பத்தொரு வருடம் நடத்தியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் வண்டியின் முன்னால் எழுத்து ஏன் திருப்பி எழுதியிருக்கிறது என்று எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேட்டிருக்கிறேன்!

"எல்லா நாளும் பாறைதானா? எல்லா நாளும்னா மொத்தமா மாத்திப் போட்டுரலாம்."

"இல்ல. சகதியா இருந்தாப் பாறை. காஞ்சிருந்தா முன்னாடி."

"எந்தெந்த நாளுன்னு எழுதியிருக்கியா?"

இந்தப் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு நாள்தான் எழுதியிருக்கிறேன். தைலம், கேரட் எல்லாம் எழுதியிருக்கிறேன். இன்றைக்குப் போட்டது போக, அந்தப் பிளாட்டில் மஞ்சளும் நீலமுமாக மொத்தம் ஐம்பத்தெட்டுப் பூ. எது மஞ்சள், எது நீலம் என்பதே இந்த இடது வலதை வைத்துத்தான். மகரந்தம் எடுத்ததோ மற்ற பிளாட்டுகளில், பூவை நேராகப் பார்த்து; எதிர்ப்பக்கம் என்று நினைத்து ஒரே பக்கத்துக்குப் போட்டிருப்பேன்.

"எல்லாம் போச்சு" என்றாள். கத்தவில்லை. மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன், காட்டினாள்.

அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடி அது. என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

அக்டோபர் 25, புதன்

காலையில் நோட்டு என்னிடம் இல்லை. இதைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

5.40க்கு விழித்தேன். கட்டில் காலி.

நான் எதை எதைத் தேடினேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். முதலில் கைப்பை. மாத்திரையை எண்ணினேன், சரியாக இருந்தது. அப்புறம் பாத்ரூம். அப்புறம் மொட்டை மாடிக்கு ஓடிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தேன். ஆரோக்கியம் அக்காவைத் தட்டி எழுப்பினேன். அவர் தெருப்பக்கம் ஓடினார். படியில் என்னுடைய ரப்பர் செருப்பைக் காணோம். வெறுங்காலோடு மேட்டுப் பாதையில் ஓடினேன். வழியில் குளம். குளக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

மேலே ஏறினேன். மூன்றாவது பிளாட்டில், ராத்திரிப் பனியில் மறுபடி இளகிய சகதியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். ராத்திரி போட்டிருந்த நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர். கையில் லென்ஸ். மடியில் இந்த நோட்டு. ஒரு வலைப்பையைக் கழற்றிவிட்டுக் காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்து, "காய்ஞ்ச சூல்தண்டு இன்னும் ஒட்டிட்டுத்தாம்மா இருக்கு" என்றாள், ஏதோ பேசிக்கொண்டிருந்த பேச்சின் நடுவில் போல. "எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சுன்னு இப்பவும் தெரியுது. மகரந்தம் எடுத்த பூவுலயும் நம்பர் இருக்கு. ரெண்டையும் பாத்தா எது மஞ்சள் எது நீலம்னு மாத்தி எழுதிரலாம். ஆனா இன்னும் நாலஞ்சு நாள்ல உதுந்துரும்."

நான் அறைந்தேன். கன்னத்தில். அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் கை நீட்டி அடித்ததில்லை. மறுபடி முதுகில் அடித்தேன். அடித்துக்கொண்டே அந்தச் சகதியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது வந்தது. ஒப்பாரி வைக்கிற மாதிரி சத்தமாக அழுதேன். அவள் அழவில்லை. சகதிக் கையோடு என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு ஒச்சப்பன் ஓடிவந்தார். "என்னங்க டீச்சரம்மா, புள்ளயப் போயி அடிக்கிறீங்க. ஒடம்பு சரியில்லாத புள்ள."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல ஒச்சப்பன். இவ போன மாசம் சாகப் பாத்தா. ஃபுட் பாய்சன்னு நான்தான் எல்லாருகிட்டயும் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அவர் மஃப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார். "தெரியுங்க டீச்சரம்மா. அந்தக் கதவ ஒடச்சதே நான்தான்" என்றார்.

இந்த மனிதரோடு மூன்று வாரம் வேலை பார்த்து, பொரியும் தின்றிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து கும்பிட்டேன். "அட, ஏங்க" என்று பின்னால் நகர்ந்து, ஆரோக்கியம் அக்காவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டார்.

பிறகு வேலை பார்த்தோம். அவள் காயைப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். "முப்பத்தாறு. வலது. நீ இடதுன்னு போட்ருக்க." "முப்பத்தேழு. இடது. சரியாப் போட்ருக்க, பரவால்ல." பதினாறு காய் பார்த்தோம். அதற்குமேல் முடியாமல் லென்ஸைக் கீழே வைத்துவிட்டாள். போதும் என்றேன்.

இறங்கும்போது குளத்தைத் தாண்டியதும் நின்றாள்.

"சரியாயிட்டேன்னு நெனச்சுக்காதம்மா."

"நெனைக்கல."

"ஏன் அப்பிடிப் பண்ணேன்னு கேக்க மாட்டியா?"

"சொல்றியா?"

"எனக்கே சரியாத் தெரியல. யாரும் ஒண்ணும் பண்ணல. எதுவுமே வேணாம்னு இருந்துச்சு. இப்பவும் பாதி நாள் அப்பிடித்தான் இருக்கு."

"எனக்குப் பயமா இருக்கு சிந்து. தெனமும் பயமா இருக்கு" என்றேன். இதுவரை இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

மறுபடி நடக்க ஆரம்பித்தாள். "இன்னைக்கி எப்பிடியோ எந்திரிச்சுட்டேன். கோவத்துல. நாளைக்கி முடியுமான்னு தெரியல. ஆறு மணிக்கு எழுப்பு. எந்திரிக்கலேன்னா விட்றாதம்மா."

அக்டோபர் 26, வியாழன்

இன்னும் நாற்பத்திரண்டு காய் இருக்கிறது. வானம் மூடியிருக்கிறது, மழை வந்தால் சூல்தண்டு முன்னாலேயே உதிர்ந்துவிடும்.

6.00. எழுப்பினேன். அசையவில்லை.

6.10. எழுப்பினேன். கண்ணைத் திறந்து மூடிக்கொண்டாள்.

6.20. காப்பியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

6.30. "போம்மா" என்றாள். போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6.40. "நாளைக்கிப் போலாம்" என்றாள். இல்லை, இன்றைக்கு என்றேன். "என்னால முடியல" என்றாள். அழுதாள். இந்த ஒரு மாதத்தில் இப்போதுதான் அழுகிறாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். அதற்காக விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

6.50. போர்வையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மறுமுனையை அவள் பிடித்து இழுத்தாள். கையில் நல்ல பலம் இருக்கிறது. நான் விடவில்லை.